பேட்மேனும் சூப்பர்மேனும் அடித்துக்கொள்ளும் படத்தைப் பிள்ளைகளுக்குப் போடலாமா?

ஆற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மே மாத லீவுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். வயது 6, 9, 13. பெரியவன் 2016இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தை டிவியில் போடச் சொல்லி நச்சரிக்கிறான். “படமே மொக்கை, அடிதடி வேற அதிகம்” என்று நாத்தனார் சொல்கிறாராம். போடலாமா, மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா என்பது கேள்வி.

நாத்தனார் சொன்னது இரண்டுமே சரி. சின்னதுக்கு வேண்டாம். ஒன்பது வயதுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் போடலாம், நீங்களும் கூட உட்கார்வதாக இருந்தால். அதிலும் எந்த வெர்ஷன் என்று பார்த்துப் போட வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நான் வேலூரில் ஒரு தியேட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவன். ரீல் சுற்றிய காலத்தில் சேர்ந்தேன், படம் ஹார்டுடிஸ்க்கில் வர ஆரம்பித்த பிறகு வெளியே வந்தேன். கேபின் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம். எந்த இடத்தில் குழந்தை வீறிடும், எந்த இடத்தில் அம்மாக்கள் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தேடுவார்கள் என்பதெல்லாம் இரண்டாவது ஷோவிலேயே பிடிபட்டுவிடும். அப்படி இருந்தும் இந்தப் படத்தில் நானே ஏமாந்தேன்.

2016 மார்ச் 25, பெரிய வெள்ளி. படம் அன்றுதான் ரிலீஸ், பள்ளிக்கூடமும் லீவு. அக்கா பிள்ளைகள் இருவரையும் தமிழ் டப்பிங் ஷோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்குப் பத்து. பையன் நெஞ்சில் வௌவால் படம் போட்ட கறுப்பு டீசர்ட். லாங்கு பஜாரில் பேரம் பேசி வாங்கியது. அந்த வெயிலில் கறுப்பு வேண்டாம் என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லை.

படம் ஆரம்பித்ததுமே பேட்மேனின் அப்பா அம்மாவைத் தெருவில் சுடுகிறார்கள். அம்மாவின் முத்துமாலை துப்பாக்கியில் சிக்கி அறுந்து மணி மணியாகக் கொட்டுகிறது. அடுத்து, சூப்பர்மேன் இன்னொரு கிரகவாசியோடு போட்ட சண்டையில் ஒரு நகரமே சரிகிறது. தூசிக்குள் ஓடிவரும் புரூஸ் வெய்ன் தனியாக நிற்கும் ஒரு சின்னப் பெண்ணை அணைத்துக்கொண்டு “உன் அம்மா எங்கே?” என்கிறார். அவள் இடிந்துபோன கட்டடம் இருந்த திசையில், மேலே கை காட்டுகிறாள். பக்கத்தில் இருந்த என் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, அந்தப் பாப்பாவோட அம்மா வந்துடுவாங்க இல்ல?”

வந்துடுவாங்க என்று சொல்லிவிட்டேன். இருட்டில் வேறு என்ன சொல்வது?

அந்தப் பாப்பாவைப் படம் அதற்கப்புறம் மறந்துவிட்டது. பேட்மேனுக்குக் கோபம் வரவைக்க ஒரு குழந்தை தேவைப்பட்டது, வந்தாள், போனாள். இவள் மட்டும் மறக்கவில்லை. இடைவேளையில் சமோசா வேண்டாம் என்றாள். படம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வந்து வண்டியை எடுக்கும்போது, “அந்த அம்மா வரவே இல்லியே மாமா” என்றாள். இரண்டரை மணி நேரமும் அவள் பார்த்தது பேட்மேனையும் இல்லை, சூப்பர்மேனையும் இல்லை.

பையனுடைய பிரச்சினை வேறு. “ரெண்டு பேருமே நல்லவங்கதானே மாமா, இன்னாத்துக்கு அடிச்சிக்கிறாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இது சாதாரணக் கேள்வி இல்லை. படத்தின் ஒரே கேள்வியே இதுதான். இதற்குப் படம் வைத்திருக்கும் பதிலோ சொத்தை. ஒருவரைப் பற்றி ஒருவர் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். வில்லன் நடுவில் தூபம் போடுகிறான். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினால் தீரக்கூடிய சங்கதி. கடைசியில் பேட்மேன் சூப்பர்மேன் கழுத்தில் காலை வைத்து ஈட்டியை ஓங்கும்போது, சூப்பர்மேன் தன் அம்மா பெயரைச் சொல்ல, அது தன் அம்மாவுக்கும் பெயர் என்று பேட்மேனுக்கு உறைத்து, ஈட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு உடனே கூட்டாளி ஆகிவிடுகிறார். “பேரு ஒண்ணா இருந்தா அடிக்க மாட்டாங்களா?” என்றான் பையன். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “படம் சுமார்” என்பது ஒரு குறை, “அடிதடி அதிகம்” என்பது இன்னொரு குறை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வியாதி. பிள்ளைகள் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டே போகிறார்கள்: யார் யாரை அடித்தார், எதற்காக, அடிபட்டவர் என்ன ஆனார், அடித்தவருக்கு என்ன கிடைத்தது. நல்ல கதை அந்தக் கணக்கை முடித்துக் கொடுக்கும். கதை பலவீனமாக இருந்தால் அடி மட்டும்தான் மிஞ்சும். பெரியவர்கள் நாம் “போர்” என்று எழுந்து வந்துவிடுவோம். பிள்ளை முடியாத கணக்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும்.

பேட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் காமிக்ஸில் அறிமுகமானபோது ஆரம்பக் கதைகளில் அவர் துப்பாக்கியும் தூக்கியிருக்கிறார், ஆளையும் கொன்றிருக்கிறார். கொஞ்ச காலத்திலேயே பதிப்பாளர்கள் இது சரிப்படாது என்று நிறுத்தினார்கள். கொல்லாதவர், துப்பாக்கி எடுக்காதவர் என்பதுதான் அப்புறம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பேட்மேன். இந்தப் படத்தில் அவர் பிடிபட்டவர்கள் உடம்பில் வௌவால் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுகிறார். காரில் பொருத்திய துப்பாக்கிகளால் எதிரி வண்டிகளைச் சுட்டுத் தள்ளுகிறார். ஆள் இருக்கும் வண்டிகள் உருண்டு எரிகின்றன. என் மருமகன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான்: “அவங்க சாகல மாமா, மயக்கம்தான்.” எரிகிற காருக்குள் மயக்கம்! டீசர்ட்டைக் காப்பாற்ற வேண்டுமே, பாவம்.

படம் எடுத்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கும் விளக்கம் உண்டு. வயதாகி மனம் கசந்த பேட்மேன் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு சூப்பர்மேனோடு மோதுவது 1986இல் வந்த ஒரு காமிக்ஸ் தொடரிலிருந்து கிளம்பிய யோசனை. சூப்பர்மேன் ஒரு ராட்சசனோடு போராடிச் சாவது 1992இல் வந்த இன்னொரு கதை. முதலாவது, சிறுவயதிலிருந்து படித்து வளர்ந்து மீசை முளைத்த வாசகர்களுக்காக எழுதியது. அவர்களுக்கு நாயகன் தடம் புரள்வது புரியும், வலிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே படத்தில் திணித்தார்கள். பொம்மையும் பையும் தண்ணி பாட்டிலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் விற்றார்கள். அமெரிக்காவில் இரண்டாவது வார இறுதியில் வசூல் முதல் வார இறுதியைவிட 69 சதவீதம் போல விழுந்தது. போனவர்கள் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம். இங்கேயும் திங்கட்கிழமை மேட்னிக்குக் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சர்டிபிகேட் விஷயம். அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சில காட்சிகள் ஒத்துவராமல் போகலாம் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை. இந்தப் பிரிவே 1984 ஜூலையில்தான் வந்தது. பிள்ளைகளுக்கான படம் என்று நம்பிப் போன இரண்டு படங்களில் இதயத்தைப் பிடுங்குவது, பொம்மை மாதிரிப் பிராணிகள் வெறியாட்டம் போடுவது என்று இருக்கவே, பெற்றோர் கொதித்துப்போய்ப் புதிதாக ஒரு படி போட்டார்கள். நடைமுறையில் அது என்ன ஆயிற்று என்றால், ரத்தம் காட்டாமல் எதையும் காட்டலாம் என்று ஆயிற்று. ஒருவன் கையில் கத்தி கிழித்து ரத்தம் கொட்டினால் அதற்கு மேல் படி போய்விடலாம். பத்தாயிரம் பேர் இருக்கும் கட்டடம் புழுதியாகச் சரிந்தால் அது ‘ஆக்‌ஷன்’. என் மருமகளைத் தூங்கவிடாமல் செய்த காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

நம் ஊரில் அப்போது யு, யு/ஏ, ஏ என்ற மூன்றுதான் பொதுமக்கள் பார்க்கும் படங்களுக்கு. யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் யோசித்துக் கூட்டி வரட்டும் என்று பொருள். வாசலில் தடுக்கிற வேலை தியேட்டர்காரருக்கு இல்லை. ஏ சர்டிபிகேட் என்றால்தான் 18க்குக் கீழே உள்ளே விடக்கூடாது. டிக்கெட் கிழித்தவர் அன்றைக்கு என்னை ஒன்றும் சொல்லாததில் தப்பில்லை. படம் தொடங்கும் முன் சில நொடி சர்டிபிகேட் ஓடுகிறதே, அதை யாருமே படிப்பதில்லை. அதன் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருந்தால் கட் விழுந்த படம் என்று அர்த்தம். எங்கள் காலத்தில் ஆபரேட்டர்களுக்குள் அது ஒரு விளையாட்டு, முக்கோணம் இருக்கா இல்லையா என்று டீக்குப் பந்தயம் கட்டுவோம்.

ஒரே யு/ஏவுக்குள் நான்கு வயதும் பதினேழு வயதும் அடைபட்டிருந்ததை 2023இல் சினிமா சட்டத்தைத் திருத்தி யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்தார்கள். இதுவும் பெற்றோருக்கான பரிந்துரைதான். ஆனாலும் முன்னைவிட எவ்வளவோ தேவலை. இணையத்தில் படம் போடும் தளங்களுக்கு 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுப் பிரிவு உண்டு. 13+க்கும் அதற்கு மேல் உள்ளதற்கும் பெற்றோர் பூட்டுப் போட வசதி கொடுத்தாக வேண்டும். உங்கள் டிவியில் அந்தப் பூட்டு இருக்கிறது. பெரியவனுக்கு அதன் நம்பர் தெரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போது வெர்ஷன் சிக்கல். தியேட்டரில் வந்த படம் 151 நிமிஷம். அதே வருஷம் வீட்டில் பார்ப்பதற்கென்று 182 நிமிஷத்துக்கு நீளமான பதிப்பு ஒன்று வெளியிட்டார்கள். அதற்கு அமெரிக்காவில் கிடைத்தது பிஜி-13 இல்லை, ஆர். அதாவது 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையோடுதான். ரத்தமும் அடியும் அதில் தூக்கல். வேடிக்கை என்னவென்றால் கதை அதில்தான் கொஞ்சம் புரிகிறது. யார் ஏன் என்ன செய்தார் என்பதற்கான காட்சிகளைத்தான் தியேட்டருக்காக வெட்டியிருந்தார்கள். பெரியவர்களுக்கு நீளமானதே மேல். பையனுக்கு வேண்டாம். போடும் முன் நேரத்தைப் பாருங்கள்: மூன்று மணி நேரம் என்று காட்டினால் அது நீளமான பதிப்பு.

இவ்வளவும் சொன்னதும் சிலர் கேட்பார்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் ரத்தம் பார்க்காதவர்களா என்று. நல்ல கேள்வி. எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் அதுவும் வட ஆற்காடுதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா, வைத்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. ஏழு வயதில் நான் பார்க்காத கொலை இல்லை. அபிமன்யு செத்தான், கர்ணன் செத்தான். கடைசி நாள் காலையில் படுகளம்: களிமண்ணால் தெரு நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்கப் போட்டிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் ஓங்கி அடிப்பார், உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் சிவப்பாகப் பீறிடும், திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். எந்த சூப்பர்ஹீரோ படத்திலும் இதைவிடக் கோரமான காட்சி எழுதிவிட முடியாது.

ஆனால் அந்த அடிக்குப் பின்னால் பத்து ராத்திரி கதை இருக்கிறது. சபையில் தொடையைத் தட்டிக் காட்டியவன் தொடையில் அடி விழுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் கணக்கு நேராகும். துகில் உரிகிற ராத்திரி துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார், இது நான் இல்லை, வேஷம் என்று. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து ஏதாவது உளறிச் சிரிக்கவைப்பான். பயந்தால் ஒளிந்துகொள்ள ஆயா முந்தானை இருந்தது. ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். துரியோதனன் விழுந்த பிறகு அவனுக்காகவும் ஒப்பாரி உண்டு. கெட்டவன் செத்தாலும் அழ ஆள் இருக்கிறது. மறுநாள் அந்தத் துச்சாதனனே காதோரம் அரிதாரம் சரியாகப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். “வா கண்ணு” என்று பாதி பன்னைப் பிய்த்து நீட்டினார். வாங்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. சிரிப்பு இல்லை, முகத்தைத் திருப்ப இடம் இல்லை, செத்தவர்களுக்காக அழ ஆள் இல்லை. சூப்பர்மேன் ஒருவருக்கு மட்டும் பெரிய சவ ஊர்வலம். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் சக்கர நாற்காலியில் வைத்த குண்டு வெடித்து ஒரு கூடமே சாம்பலாகிறதே, அவர்கள் கணக்கு? நியாயமாகச் சொன்னால் ஒரு இடம் நன்றாக இருந்தது. வொண்டர் வுமன் வந்து இறங்கியதும் தியேட்டரே விசில். ராட்சசன் அடித்துத் தள்ளிவிட்டதும் எழுந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். மருமகள் அந்த ஒரு நிமிஷம் மட்டும் என் கையை விட்டாள்.

இன்னொன்று, ஆபரேட்டர் என்பதால் தோன்றுவது. பிள்ளைகளின் பயம் கண்ணைவிடக் காது வழியாகத்தான் அதிகம் போகிறது. தியேட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி பெட்டியில் 7 என்பது படம் எடுத்தவர்கள் நினைக்கும் சத்தம். குழந்தைகள் அதிகம் வரும் படத்துக்கு நான் 5க்கு மேல் வைத்ததில்லை; மானேஜர் வந்து ஏற்றச் சொன்னால் ஏற்றுவதுபோல் கை வைத்துவிட்டு விட்டுவிடுவேன். வீட்டில் உங்கள் கையில் ரிமோட் இருக்கிறது. பெரியவனுக்குப் போடும்போதுகூட டிவிக்குக் கீழே நீளமாக ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அறையில் லைட் எரியட்டும்.

சின்னது ஏன் வேண்டாம் என்றால், அந்த வயதுக்கு முகம்தான் பயம். கடைசியில் வரும் ராட்சசன் ஒவ்வொரு அடிக்கும் உருவம் மாறி மாறி வளர்கிறான். அது பொம்மை, கம்ப்யூட்டரில் செய்தது என்று எவ்வளவு சொன்னாலும் ஆறு வயதில் ஏறாது. ஒன்பது வயதுக்கு ராட்சசன் பொருட்டில்லை. நிஜத்தில் நடக்கக்கூடியதுதான் பயம். சூப்பர்மேனின் வளர்ப்புத் தாயைக் கடத்தி, கட்டிப்போட்டு, அழ வைத்து எடுத்த போட்டோக்களைச் சூப்பர்மேன் முன்னால் வில்லன் வீசுகிறான். எனக்கே வயிற்றைப் பிசைந்தது. பதின்மூன்று வயதுப் பையன் இதையெல்லாம் தாங்குவான். அவனிடம் படம் முடிந்ததும் உபதேசம் பண்ண வேண்டாம். “பேட்மேன் செய்தது சரியா?” என்று ஒரு கேள்வி போதும், அவனே ஒரு மணி நேரம் பேசுவான். கதையில் எங்கெங்கே ஓட்டை என்றும் அவனே சொல்லிவிடுவான், அந்த வயதில் அதுதான் குஷி.

மூன்று பேரையும் சேர்த்து உட்காரவைக்க ஏதாவது வேண்டும் என்றால் 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தைத் தேடிப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகும், பெரியவன் முணுமுணுப்பான். அதில் சூப்பர்மேன் மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கி ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பறந்து போவார். பிற்பாதியில் கதாநாயகி காரோடு மண்ணுக்குள் மாட்டி இறந்துபோவாள். சின்னது அழுதால் பதற வேண்டாம், உலகத்தையே திருப்பிச் சுற்றவைத்து அவளைக் கொண்டுவந்துவிடுவார். விஞ்ஞானப்படி சுத்த அபத்தம். என் மருமகளுக்குப் பிறகு ஒருநாள் அதைப் போட்டுக் காட்டினேன். “இவரு கொண்டாந்துட்டாரு” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம், மே மாதம் என்கிறீர்கள். ஆற்காட்டைச் சுற்றி ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும், விசாரித்தால் தெரியும். ஒன்பது வயதுக்காரனைப் படுகளத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். ராத்திரிக் கூத்து முடிந்து காலையில் நடக்கும். அக்கினி வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தண்ணி பாட்டிலும் தலைக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனன் தலைப்பக்கம் நிற்காதீர்கள், அங்கே கூட்டம் நெரிக்கும். கால்மாட்டில் நின்றால் தொடை நன்றாகத் தெரியும்.